எடுத்திட்டன்

மதியத்திலேயே மலை பனிமூட்டத்தில் மறைந்துவிட்டது. ஹேவாஹெட்டை பஸ் அவளைச் சந்தியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மூட்டத்துக்குள் கேட்டது. கமலாசனி ஐஸ் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் கல்பாதையில் ஏறினாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதத்தின் ஒரு திங்கட்கிழமை. கொழும்பில் ஏதோ நடக்கிறது என்று பஸ்ஸில் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். என்னவென்று கேட்க அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளுடைய யாழ்ப்பாணத்துத் தமிழ் வெளியே வந்திருக்கும்.

பாதையின் முடிவில் பங்களா நின்றது. ஒரு காலத்தில் தோட்டத்து மருந்துச்சாலை. இப்போது அவளுடைய பேராசிரியர் வீரசிங்கத்தின் சிறிய ஆய்வு நிலையம். சுற்றுவட்டாரத்தில் பிடிபடும் கட்டுவிரியன்களின் விஷத்தை இங்கே எடுத்து உறையவைப்பார்கள். அந்த விஷத்திலிருந்து ஒரேயொரு புரதத்தைப் பிரித்து, அது எலி மூளையின் சவ்வில் எங்கே, எப்படிப் பற்றிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் கமலாசனியின் வேலை. மூன்று வருட உழைப்பு, புரதமும் எலி மூளைச் சவ்வும், இங்கே உறைபெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் லண்டனில் ஒரு ஆய்வுகூடம் அவளுக்கு இடம் தரக் காத்திருந்தது.

"வாங்க, எலி டாக்டரம்மா!"

வாசலில் சுந்தரி நின்றாள். நிலையத்தின் காவற்காரர் வீரய்யாவின் மனைவி. கமலாசனியின் வயதுதான் இருக்கும்.

"நான் டாக்டர் இல்லை, சுந்தரி. எத்தினை தரம் சொல்றது?"

"எலி மூளையத்தானே வெள்ளைக்காரனுக்குக் கொண்டு போறீங்க? எங்க கங்காணி மூளையக் கொண்டு போங்கம்மா. நல்ல வெல கெடைக்கும். இன்னும் பாவிக்கவே இல்ல."

"சும்மா இருடி," என்றார் வீரய்யா உள்ளேயிருந்து. ஆனால் அவரும் சிரித்தார்.

கமலாசனி நடு அறைக்குள் போனாள். பழைய இரும்புக் கட்டில். அதன் தலைமாட்டில், ஆணியில், ஒரு சுவாசப் பை தொங்கியது. கறுப்பு ரப்பர் பை, அதன் வாயில் முகத்தைக் கவ்வும் மூடி. பாம்பைக் கையாளும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்று பேராசிரியர் வாங்கி வைத்தது. கட்டுவிரியன் கடித்தால் வலி பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். மூச்சுத் தசையும் நிற்கும். அப்போது யாராவது பையை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைக்கலாம். விஷம் விடும்வரை, நாட்கணக்கில்.

பேராசிரியர் அதை எல்லோருக்கும் ஒரு பொம்மையை வைத்துப் பழக்கியிருந்தார். மாறும் முறையைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். மாற வருகிறவர் முதலில் தன் கைகளை மற்றவரின் கைகளுக்கு மேலே வைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரு தடவை அமுக்க வேண்டும். பிறகு, "எடுத்திட்டன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் பழையவர் கையை எடுக்கக் கூடாது. "சொன்ன ஆள்தான் பொறுப்பு. அடுத்த ஆள் சொல்லுமட்டும் செத்தாலும் விடக்கூடாது," என்பார். வேறு எதிலும் அவர் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

அறையில் ஒரு மணம் இருந்தது. ஈரப் புகை. அதற்குள் மெல்லியதாகக் கார்பாலிக் சவர்க்காரம்.

"ஒருக்கா தீப்புடிச்ச வீடும்மா இது," என்றாள் சுந்தரி. "மழைக்காலத்துல அந்த வாசம் வரும்."

சவர்க்கார மணத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே வீரய்யாவின் டிரான்சிஸ்டர் ஊரடங்குச் சட்டம் என்றது. கமலாசனி அங்கேயே தங்கினாள்.

விடிந்ததும் வீரய்யா கதவைத் தட்டினார். சுந்தரிக்கு வயிற்றுவலி. நள்ளிரவில் தொடங்கியதாம். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். எதுவும் கடித்ததாகத் தெரியாது.

கமலாசனி அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணிமைகளும் பாதி விழுந்திருந்தன.

'கட்டுவிரியன் விஷத்தில் முதலில் விழுவது இமைகள்.' அவளுடைய ஆய்வறிக்கையின் முதற் பக்கத்திலேயே அந்த வரி இருந்தது. அதை எழுதியபோது அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"கண்ணைத் திறவுங்கோ, சுந்தரி."

"தொறந்துதான்... இருக்கேன்."

கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பாதை இல்லை. கீழ்ச் சந்தியில் தமிழ்க் கடைகள் எரிவதாக தொழிலாளர் வீடுகளான லயத்திலிருந்து ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார்கள். பாம்பைத் தேட நேரமில்லை. சுந்தரியைக் கட்டிலில் கிடத்தினார்கள். பேச்சு குழறியது. எச்சில் வழிந்தது. நெஞ்சு உயர்வது குறைந்து, குறைந்து, நின்றது.

கமலாசனி ஆணியிலிருந்து பையை எடுத்தாள். பொம்மையில் செய்தது போலவே தலையைச் சரித்து, மூடியை முகத்தில் பதித்து, அமுக்கினாள்.

நெஞ்சு உயர்ந்தது.

"உயிர் இருக்காம்மா?" வீரய்யா அழுதார். "கண்ணு மூடிருச்சே. கை வெறகு மாதிரி கெடக்கே."

"இருக்கு. எல்லாம் கேக்கும் அவவுக்கு. மூளைக்கு ஒண்டும் இல்லை. அழாதேங்கோ, அதுவும் கேக்கும்." பிறகு அவள் சுந்தரியின் காதருகே குனிந்தாள். முன்பின் யாரிடமும் அவ்வளவு நெருங்கிப் பேசியதில்லை. "சுந்தரி, நான் கமலாசனி. உங்களை விடமாட்டன்."

உறைபெட்டிக்காக வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீரய்யா கதவைப் பார்த்தார். "இந்தச் சத்தம் கீழ் ரோட்டுக்குக் கேக்கும்மா. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா மேல வந்துருவானுங்க."

அவள் பின்னறையின் பக்கம் பார்த்தாள். அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள்.

"நிப்பாட்டுங்கோ."

"உங்க எலி சாமான்..."

"நிப்பாட்டுங்கோ எண்டு சொல்றன்."

யன்னல் பலகைகளையும் சாத்தினார்கள். பகல் முழுவதும் அறை இருண்டு கிடந்தது. பை மூச்சு விடும் சத்தமும், பின்னறையில் உறைபெட்டி உருகிச் சொட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. சொட்டுகளை எண்ணக்கூடாது என்று அவள் தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டாள்.

மாறி மாறிப் பிடித்தார்கள். வீரய்யாவின் கை கனமானது, சொரசொரப்பானது. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு வலது பெருவிரலில் நுனி இல்லை. அந்தக் கை மேலே வரும். சேர்ந்து ஒரு தடவை அமுக்கும். "எடுத்துட்டேன்மா." அவள் தரையில் சாய்வாள். கண் மூடியதும் அவர் கூப்பிடுவார். ஒரு இரவு போனது. மறுநாட் காலையில் அவளுடைய விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன, விரிக்க முடியவில்லை.

மத்தியானம் போல அவள் பிடித்திருந்தாள். பின்னாலிருந்து கைகள் வந்து அவளுடைய கைகளின் மேல் அமர்ந்தன. சேர்ந்து ஒரு தடவை அமுக்கின. அவள் நன்றியோடு கைகளை உருவிக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தாள்.

விழித்தபோது பை சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அமுக்கி, விட்டு, அமுக்கி. ஒழுங்கான, பழகிய கையின் வேகம்.

'எடுத்துட்டேன்' என்று அவர் சொல்லவில்லையே என்று அப்போதுதான் நினைத்தாள்.

கதவருகே யாரோ குறட்டை விட்டார்கள்.

வீரய்யா. சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

கட்டிலருகே யாரும் இல்லை.

பை உள்ளே குழிந்தது. சுந்தரியின் நெஞ்சு உயர்ந்தது. பை நிமிர்ந்தது. நெஞ்சு தாழ்ந்தது.

முகமூடி யாரும் பிடிக்காமலே முகத்தில் பதிந்திருந்தது.

கார்பாலிக் சவர்க்கார மணம் மூக்கை எரித்தது.

அவளுடைய கால்கள் ஓடப் பார்த்தன. ஆனால் சுந்தரிக்கு எல்லாம் கேட்கிறது. கமலாசனி எழுந்து, கட்டிலருகே போய், கைகளைப் பையின் மேல் வைத்தாள். கை ரப்பரைத் தொடவில்லை. நடுவே வேறு விரல்கள் இருந்தன. மெல்லிய விரல்கள், ஓட்ட வெட்டிய நகங்கள். ஓடைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தன.

சேர்ந்து அமுக்கினாள். கீழேயிருந்த விரல்கள் விலகவில்லை. எதற்கோ காத்திருந்தன. பிறகு, மனமில்லாமல், மெல்ல இல்லாமற் போயின.

"வீரய்யா," என்றாள் மூச்சுக்குள். "வீரய்யா, எழும்புங்கோ. இஞ்சை ஆர் இருந்தது?"

அவர் எழுந்து உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"பத்மாதேவி மிஸ்ஸி. தோட்டத்து நர்சும்மா. எழுபத்தேழு கலவரத்துல, இதே கட்டில்ல, கொழுந்து பறிக்கிற பிள்ளைக்கு இதே மாதிரி பாம்புக்கடி. மிஸ்ஸியும் மருந்து குடுக்கிற ஐயாவும் மாத்தி மாத்திப் பம்பு அடிச்சாங்க. ஐயா ரோட்டப் பாத்துட்டு வாறேன்னு போனாரு. வரவே இல்ல. கூரைக்கு நெருப்பு வெச்சாங்க."

"அவ ஓடேல்லையா?"

"இல்லீங்க. மிஸ்ஸியும் அந்தப் பிள்ளையும் ரெண்டு பேருமே பொகையில போயிட்டாங்க. மிஸ்ஸி கையில இருந்து பம்பப் பிரிக்க முடியல. நாந்தான் பிரிச்சேன்." அவர் தன் கையைப் பார்த்தார். "அதுக்கப்புறந்தான் புரொபசர் அய்யா இந்தச் சொல்லுற பழக்கத்தக் கொண்டு வந்தாரு."

சொட்டும் சத்தம் நின்றிருந்தது. உறைபெட்டியில் உருக இனி எதுவும் இல்லை.

"அப்ப அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள் கமலாசனி.

வீரய்யா சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தார். "அந்தச் சொல்ல நீங்க சொல்லிறாதீங்கம்மா. கும்புட்டுக் கேக்குறேன். சொன்னா போயிருவாங்க. நம்ம ரெண்டு பேரால முடியாதும்மா. சுந்தரி போயிருவா."

அவர் சொன்னது சரி. அவளால் விரல்களை விரிக்கவே முடியவில்லை.

அதன் பிறகு மூன்று பேராக முறை மாற்றிக்கொண்டார்கள். வீரய்யா, கமலாசனி, பிறகு அது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தார்கள். அவள் பிடித்திருந்து, முடியாமற் போகும்போது, கண்ணை இறுக மூடிக்கொள்வாள். குளிர்ந்த கைகள் வரும். சேர்ந்து ஒரு தடவை. அவள் உருவிக்கொள்வாள். திரும்ப எடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, வாய் பேசாமல் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் அந்த விரல்கள் ஒரு கணம் காத்திருந்து பார்க்கும். சொல் வராது. பிறகு போகும்.

அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுந்தரியின் சுட்டுவிரல் அசைந்தது.

பிறகு இமை. ஒரு கோடு போலக் கண் திறந்து, மறுபடி மூடியது. குளிர்ந்த கைகளின் முறை அப்போது. கமலாசனி குனிந்து, முகமூடியை விரலளவு உயர்த்தினாள். பை காற்றில் வெறுமனே குழிந்தது.

சுந்தரியின் நெஞ்சு தானாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"வீரய்யா! தானாய் எடுக்கிறா! தானாய் மூச்சு எடுக்கிறா!"

வீரய்யா தரையில் விழுந்து கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் பாதையில் லொறிச் சத்தம் கேட்டது. இருவரும் உறைந்து போனார்கள்.

"வீரய்யாண்ணே! நாந்தான், முனாப்! கதவத் தொறங்க!"

மரக்கறி லொறிக்கார முனாப். மூச்சு வாங்க உள்ளே வந்தார். "கெதியா ஏறுங்க. கீழ் லயத்துக்கு நெருப்பு வெச்சிட்டானுகள், அடுத்தது இங்கதான். கண்டியில ஸ்கூல்ல அகதிக் கேம்ப் போட்டீக்கி, அங்க கொண்டு போய் வுடுறேன். யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கி என்ன?"

"பாம்பு. இப்ப சரி. தானாய் மூச்சு எடுக்கிறா," என்றாள் கமலாசனி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆண்கள் இருவரும் சுந்தரியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். கமலாசனி கடைசியாக நின்றாள். பை கட்டிலில் கிடந்தது. முகமூடியில் முகம் இல்லை. ஆனாலும் அது குழிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஒழுங்காக, பொறுமையாக, யாரையும் குறை சொல்லாமல்.

இந்த வீட்டை மறுபடியும் எரிக்கப் போகிறார்கள். மறுபடியும் பத்மாதேவியை எல்லோரும் விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள்.

சுந்தரி தானாக மூச்சு விடுகிறாள். இனி அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

கமலாசனி கைகளை நீட்டி, குளிர்ந்த விரல்களின் மேல் வைத்தாள். சேர்ந்து ஒரு தடவை அமுக்கினாள்.

"எடுத்திட்டன், அக்கா," என்றாள். "நீங்கள் போங்கோ."

அறையில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆறு வருடமாக அடக்கி வைத்த மூச்சு. விரல்கள் உருவிக்கொண்டன. புகை மணமும் சவர்க்கார மணமும் ஒரேயடியாகப் போய்விட்டன. வெறும் மழை வாசம்.

கைகள் பையை இறுகப் பற்றியபடியே லொறிக்கு ஓடினாள். ஏறும்போது பலகையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பை நழுவித் தேயிலைக்குள் விழுந்தது. முனாப் நிறுத்தவில்லை.

கோவா மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவே சுந்தரியைக் கிடத்தியிருந்தார்கள். கமலாசனியின் கைகள் மடியில் கிடந்தன. மூன்று நாள் பழக்கம், அவை தாமாக மூடி விரிந்துகொண்டிருந்தன. அவள் பொருட்படுத்தவில்லை.

சுந்தரியின் உதடுகள் அசைந்தன. "எலி... மூளை?"

"உருகிப் போச்சு."

"கங்காணிட்ட... கேக்கவா?"

வீரய்யா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், அழுதார். கமலாசனியும் சிரித்தாள். லண்டனும் மூன்று வருடமும் இந்த மூச்சுக்குச் சமமில்லை என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தாள். வீரய்யா ஒரு போத்தலில் இருந்த தண்ணீரை நீட்டினார். வாங்குவதற்காக இரு உள்ளங்கைகளையும் குவித்து ஏந்தினாள்.

தண்ணீர் கையில் விழுந்தது. குடித்தாள். மறுபடி ஏந்தினாள்.

"சுந்தரி?" என்றார் வீரய்யா. "ஏய், சுந்தரி?"

சுந்தரியின் கண்கள் அகலத் திறந்திருந்தன. உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. நெஞ்சு அசையவில்லை.

அதிர்ச்சியில் கமலாசனியின் விரல்கள் இறுக மூடிக்கொண்டன.

சுந்தரியின் நெஞ்சு உயர்ந்தது.

கமலாசனி தன் கைகளைப் பார்த்தாள். மெல்ல விரித்தாள். நெஞ்சு தாழ்ந்தது. விரித்தபடியே வைத்திருந்தாள்.

நெஞ்சு தாழ்ந்தபடியே இருந்தது.

மூடினாள். உயர்ந்தது.

ஒன்றினால்தான் இன்னொன்று நடக்கிறது என்று சொல்லும் முன், அந்த ஒன்று இல்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த விதி. காலையில் முகமூடியை உயர்த்திப் பார்த்தபோது அவள் பையை மட்டுமே விலக்கியிருந்தாள். பத்மாதேவியின் கைகள் இல்லாமல் ஒருபோதும் பார்க்கவில்லை.

வீரய்யாவும் கண்டுவிட்டார். தன் கனத்த கைகளை அவளுடைய கைகளின் மேல் வைத்து, சேர்ந்து ஒரு தடவை மூடினார்.

"எடுத்துட்டேன்," என்றார். "எடுத்துட்டேன்மா. வுடுங்க."

அவள் விட்டாள். அவர் வெறுங்கையை மூடினார், விரித்தார், மூடினார். சுந்தரியின் உதடு கறுத்தது. கமலாசனி பாய்ந்து தன் கைகளை மூடினாள்.

"எடுத்துட்டேன்," என்றார் வீரய்யா மறுபடி, கெஞ்சுவது போல. "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

பத்மாதேவியிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது அவருக்குக் கிடைக்கவில்லை.

லொறி நின்றது. பாதையை மறித்து ஆமி பாரியர். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு இளம் சிப்பாய் பின்பலகையை அடித்துத் திறந்தான். துப்பாக்கி முன்னால் நீண்டது. எல்லோரும் கையைத் தூக்கி விரித்துக் காட்டச் சொன்னான்.

வீரய்யா தூக்கினார். கமலாசனியும் தூக்கினாள்.

அவளுடைய கைகள் தலைக்கு மேலே மூடின, விரிந்தன, மூடின.

"விரித்து வை!" சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். "என்ன அது கையில்?"

"சேர், அந்தப் புள்ள பயந்து போயீக்கி," என்று முனாப் முன்னாலிருந்து அரைச் சிங்களத்தில் கெஞ்சினார்.

அவள் சுந்தரியைப் பார்த்தாள். சுந்தரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மூடின. விரிந்தன. மூடின.

சிப்பாய் பலகையில் கால் வைத்து ஏறி, கமலாசனியின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான், ஓடைத் தண்ணீரில் கை வைத்தவன் போல. கோவாச் சாக்குகளைப் பார்த்தான், மூட்டத்தைப் பார்த்தான். மூக்கைச் சுளித்து முகர்ந்தான்.

"என்ன மணம் இது?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஈரப் புகை. அதற்குள் மெல்லியதாகக் கார்பாலிக் சவர்க்காரம். அது அவளுடைய உள்ளங்கைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.